சத்தம் போடாத மிஷின்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடியது, கலைந்தது. மழைக்கு முன்னால் கிளை கழித்துக் கொடுக்கச் சொல்லி காபி குடிப்பதற்குள் மூன்று போன். வருஷத்தில் வேலை தேடி வருகிற மாதம் இதுதான். இப்போது போய் மரம் அறுக்கிற மிஷின் கழுத்தறுக்கிறது.

அஸ்தினாபுரம், டீச்சரம்மா வீட்டு மாமரம். மரத்தின் மேல் இவர், என் வீட்டுக்காரர். கீழே, அறுக்கிற கிளையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். விழுகிற கிளையை இழுத்துக் குட்டியானை வண்டியில் ஏற்ற, கொழுந்தன் செல்வம். கல்யாணமான புதிதிலிருந்து இதே ஏற்பாடு. பாதிக் கிளையில் செயின் இறுகி மிஷின் நின்றுவிட்டது. இவர் ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். விட்டுவிட்டார். "எடுக்கல, போ" என்று இறங்கி வந்துவிட்டார்.

டீச்சரம்மா: "பாதி அறுத்த கிளைய என் தலைக்கு மேல தொங்க விட்டுட்டா போறீங்க ஆரோக்கியம்?"

மீதியைக் கைரம்பத்தால் அறுத்து முடிக்க மதியமாகிவிட்டது. இன்னொரு கிளை பாக்கி. அப்புறம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

கிழவனுக்கு (மிஷினுக்கு நான் வைத்த பெயர்) உள்ள வியாதிகள்:
– பெட்ரோல் மூடி கசிவு. செல்வம் பாலிதீன் சுற்றி வைத்திருக்கிறான். வைத்தியர்!
– புகை.
– ஓடுகிற செயினை நிறுத்தும் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை.
– ஸ்டார்ட் ஆவதில்லை. இது இவர் சொல்வது.

செல்வம்: "அண்ணி, இத்த கண்காட்சில வெச்சா டிக்கெட் வாங்கினு பார்ப்பாங்க. புச்சா ஒண்ணு எடுங்க."

பெட்ரோல் செலவு வேறு ஏறிவிட்டது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போகும்போது மிஷினை நிறுத்த வேண்டும். இவர் நிறுத்துவதே இல்லை. ஓடவிட்டபடியே தாவுகிறார். கேட்டால், "ஆஃப் பண்ணா திரும்ப எடுக்க மாட்டேங்குது, இன்னா பண்ணச் சொல்ற?" நியாயம்தான்.

கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிழவனைப் பல்லாவரம் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். இவர் வரவில்லை, தலைவலியாம். பாய் பிளக்கைத் துடைத்தார், கயிற்றை இழுத்தார். உடனே எடுத்துவிட்டது. நிறுத்தினார், மறுபடியும் இழுத்தார். மறுபடியும் எடுத்தது.

"ஸ்டார்ட்டிங்ல கோளாறு ஒண்ணியும் இல்லம்மா. பிரேக்குதான் பேஜாரு. அத்தோட மரத்து மேல ஏறக் கூடாது. சாமான் வரவழைக்கணும், நாளாவும்."

நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கே எடுத்தது. பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆட்டோவில் திரும்பும்போதுதான் சிரிப்பு நின்றது.

என் கைக்கு எடுக்கிற மிஷின் இவர் கைக்கு ஏன் எடுப்பதில்லை?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கொஞ்ச நாளாக இடது கையால் தலை வாருகிறார். மேல் அலமாரியில் இருக்கிற டம்ளரை என்னை எடுக்கச் சொல்கிறார். பனியன் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிலுவை போடும்போது வலது கை நெற்றிக்குப் போகவில்லை, மோவாயோடு நின்றது. பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஒரு மக்கு.

தோள் போயிருக்கிறது. அதை மறைக்க மிஷின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். திரும்ப இழுக்க முடியாது என்றுதான் நிறுத்தாமலே வைத்திருந்திருக்கிறார். ஒன்றரைக் கையோடு, பிரேக் பிடிக்காத மிஷினை ஓடவிட்டபடி, மரத்து மேல். நான் கீழே நின்று பெட்ரோல் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம் வருகிறது. பயம் அதைவிட அதிகமாக வருகிறது.

நேரடியாகக் கேட்க முடியாது. கேட்டால் நாளைக்கே இருப்பதில் உயரமான மரமாகப் பார்த்து ஏறிக் காட்டுவார். அவ்வளவு நல்லவர்.

செப்டம்பர் 10, புதன்

ஜி.எஸ்.டி. ரோட்டில் மிஷின் கடை. செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏ.சி. நன்றாக இருந்தது. சேல்ஸ்மேன் தம்பி எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "மேடம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வத்திடம் பேச ஆரம்பித்துவிட்டான். "சார் எத்தனை வருஷமா ஃபீல்டுல இருக்கீங்க?" சாருக்கு ஒரே பெருமை. சார் இதுவரை ஒரு கிளை அறுத்ததில்லை.

பார்த்தவை: ஒன்று, பெரிய பெட்ரோல் மிஷின். செயின் ஓடுகிற பார் நல்ல நீளம். பனைமரமே அறுக்கும். செல்வம் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கனம், மேலே ஏற்ற முடியாது. இரண்டு, கிழவனின் அதே அளவு, புது மாடல், பெட்ரோல். கயிறு இழுக்க வேண்டும். அது போதும், வேண்டாம் என்பதற்கு. மூன்றாவது மூலையில் இருந்தது. நான்தான் கேட்டேன்.

"அது பேட்டரி மேடம். வீட்டுத் தோட்டத்துக்கு. லேடீஸ் கூட யூஸ் பண்ணலாம்."

கூட!

தூக்கிப் பார்த்தேன். கிழவனைவிட லேசு. பட்டனை அழுத்தி விசையைத் தொட்டால் ஓடுகிறது. விட்டால் நிற்கிறது. இழுக்க எதுவுமே இல்லை. கடையின் நடுவில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் மாதிரிச் சமாளித்தேன்.

செல்வம்: "அண்ணி, இது பொம்மை."

ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லும்போது செல்வத்தைப் பார்த்தே சொன்னான். உதிரிப் பேட்டரி ஒன்று கூட வாங்கினால் ஒரு வீட்டு வேலை முடியும் போலிருக்கிறது. அடுத்த வாரம் வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறானாம். சரி என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பல்லாவரம் சந்தை. வெயில், கூட்டம். இவர் வர ஒப்புக்கொண்டதற்குக் காரணம், கிழவனைப் போலவே ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் என்ற நினைப்பு. பேட்டரி மிஷின் பற்றிச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தார்.

"சத்தம் இல்லாத மிஷினா? மரத்து மேல நான் கீறேன்னு தெருவுக்கு எப்படித் தெரியும்?"

இதுவும் நியாயம்தான். சத்தம்தான் எங்கள் விளம்பரப் போர்டு. ஒரு வீட்டில் மிஷின் உறுமினால் நாலு வீட்டில் கதவு திறக்கும். "இங்கயும் ஒரு முருங்கை கீதுப்பா, பார்த்துட்டுப் போ." பாதி வேலை அப்படித்தான் வருகிறது. இன்னொன்று, சிக்னல். மேலேயிருந்து பேசினால் கீழே கேட்காது. அதனால் இவர் மிஷினாலேயே சொல்வார். இரண்டு சின்ன உறுமல் என்றால் கயிற்றைத் தளர்த்து. ஒரு நீள உறுமல் என்றால் தள்ளி நில். இத்தனை வருஷமாக வேலை இடத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

பழைய கிரைண்டர்களுக்கு நடுவில் கிடைத்தேவிட்டது. கிழவனின் கூடப் பிறந்தது மாதிரி, அதே நிறம். விற்கிறவர் இவர் கையில் கொடுத்தார்.

"இஸ்து பாரு தலைவா. ஒரே இசுப்புல எடுக்கும்."

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாரைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். இழுக்கவில்லை. "வேணாம், பார்த்தாலே தெரியுது" என்றார்.

"இன்னா தெரியுது? இஸ்துட்டு சொல்லு."

சுற்றிலும் நாலு பேர் நின்றுவிட்டார்கள். இவர் காது சிவந்துபோனது. நான் வாங்கி, காலால் மிதித்துக்கொண்டு, இழுத்தேன். எடுத்தது. யாரோ விசில் அடித்தார்கள். நிறுத்திக் கொடுத்துவிட்டு, இவர் கையைப் பிடித்து நடந்தேன்.

கரும்பு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். பாதி டம்ளர் குடித்த பிறகு சொன்னார்.

"கை வரல ரெஜி."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ஐஸ் போடாமல் இன்னொரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாவம். இவ்வளவு நாள் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்.

செப்டம்பர் 13, சனி

அரசு ஆஸ்பத்திரி. நீண்ட வரிசை. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சீரியல் கதை முழுவதையும் சொல்லி முடித்தார், நன்றாகவே இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். கையைத் தூக்கச் சொன்னாள், பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறதாம். சுகர் இருக்கிறவர்களுக்கு வருமாம், இவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். "சரியாகிடும். ஆனா மாசக் கணக்குல ஆகும். வெடுக்குனு இழுக்குற வேலை, மேல ஏறுற வேலை ரெண்டும் கூடாது."

இவர்: "அப்போ நான் என்ன வேலைதான் செய்யிறது?"

"சுவர் ஏறுங்க" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, விரல்களைப் பூச்சி மாதிரி மெல்ல மெல்ல மேலே நடத்த வேண்டும். அதுதான் பயிற்சி. வீட்டுக்கு வந்ததும் ஹாலில் செய்ய வைத்தேன். காலண்டரின் அடிவிளிம்புக்கு மேல் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சரியாகிவிடும் என்றாளே, அதுவே போதும். "முடியாது" என்று சொல்லிவிடுவாளோ என்று வரிசையிலேயே பயந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

யார் ஏறுவது என்று இன்று பஞ்சாயத்து. வெளி ஆள் யாரும் கிடைக்கவில்லை, சீசனில் எல்லோருக்கும் கை நிறைய வேலை. செல்வம் ஏறினால் கிளை கழிக்கவே வேண்டாம், அவன் கனத்துக்குத் தானாகவே முறிந்து வந்துவிடும். அவனுக்கு உயரம் ஆகாது என்பது வேறு விஷயம்.

"நான் ஏறுறேன்" என்றேன்.

செல்வம் டீயைக் கீழே வைத்தான். இவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பாதி மரம் வரைக்கும் ஏறிக் கயிறு கட்டுவது எப்போதும் நான்தான். பெல்ட் போடத் தெரியும். எந்தக் கிளை எந்தப் பக்கம் சாயும் என்று கீழேயிருந்து பார்த்துப் பார்த்தே மனப்பாடம். மீதி பாதி மரம்தானே. கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் பாரத்தை மரமே தாங்கும், பிடிக்க இடது கையே போதும். இவர் கீழே நிற்கலாம்.

"வேணாம் ரெஜி."

"ஏன்? பொம்பளை ஏறக் கூடாதா?"

"அதில்ல. நீ கீழ கயிறு புடிச்சினு கீறேன்னுதான் நான் மேல தைரியமா இருந்தேன். நீ மேல போய்ட்டா நான் எப்படி இருப்பேன்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் சொன்னதிலேயே நீளமான வாக்கியம். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் இவரே சொன்னார்: "சின்ன கிளைலேர்ந்து ஆரம்பி. டீச்சர் வூட்டு பாக்கி."

செப்டம்பர் 20, சனி

அஸ்தினாபுரம். நல்ல வேளை, வெயில் இல்லை. சேல்ஸ்மேன் தம்பி தன் பைக்கில் மிஷினைக் கொண்டுவந்தான். யார் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. இந்த முறை என்னைப் பார்த்துப் பேசினான். மிகவும் மெதுவாக, எனக்குக் காது கேட்காதது போல.

ஏறுவதற்கு முன் இவர் மரத்தைத் தொட்டுக் கும்பிடுவார். இன்று இடது கைக் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார்.

ஏறினேன். பெல்ட் மாட்டினேன். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இவர் முகம் தட்டு மாதிரி மேலே திரும்பியிருந்தது.

மிஷின் தங்கம். உறுமல் இல்லை, புகை இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இறங்கியது. கிளை நெரிய ஆரம்பித்ததும் நான் செய்தது: விசையை இரண்டு தடவை சின்னதாகத் தட்டினேன். கயிற்றைத் தளர்த்து.

கீழே ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினேன். கொசு மாதிரி ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். இவர் கண்ணை என் மேல் வைத்திருந்தார், காதை மிஷின் மேல் வைத்திருந்தார். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு இறுக்கமாகவே இருந்தது. கிளை முறிந்து, தரைக்கு இறங்காமல் ஊஞ்சல் மாதிரி வீசிப் போய், கேட்டுக்கு அருகில் நின்ற சேல்ஸ்மேன் பைக்கின் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு வந்தது.

இவர் கத்தினார்.

"வாயத் தொறந்து சொன்னா இன்னா ரெஜி?"

"நீங்க என்னிக்கு வாயத் தொறந்து சொன்னீங்க? உர் உர்ருன்னுதான சொல்லிக் குடுத்தீங்க!"

"அந்த மிஷினு உர்ருன்னுச்சு! இதுக்குத்தான் வாயே இல்லையே!"

"எனக்கு இருக்குல்ல, கேக்கலாம்ல!"

நான் மரத்தின் மேல், இவர் கீழே, இத்தனை வருஷத்துப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசினோம். டீச்சரம்மா வராந்தாவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு தலை. தெருவே வந்துவிட்டது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர், சண்டை ஓய்ந்தது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, "சார், எங்க வீட்ல ஒரு வேப்பமரம் இருக்கு, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். போர்டு இல்லாமல் போகவில்லை.

தம்பியிடம் கண்ணாடி மாற்றித் தருவதாகச் சொன்னோம். "பரவால்ல மேடம்" என்றான், அழாத குறையாக. மிஷின் எடுத்துக்கொள்கிறோம் என்று இவரே சொன்னதும் முகம் மலர்ந்தது. உதிரிப் பேட்டரியோடு.

செப்டம்பர் 22, திங்கள்

சீட்டு எடுத்த பணம். மிஷின் வீட்டில். தம்பி பில்லை என் பெயரில் போட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை.

மாலை ஃபாதரிடம் மந்திரித்து ஆசீர்வாதம் வாங்கக் கொண்டுபோனோம். தீர்த்தம் பேட்டரி மேல் பட்டுவிடாமல் செல்வம் கையால் மறைத்தான். அவனுக்குக் கிழவனைக் கொடுத்துவிட்டேன், பாய் பிரேக் மாற்றித் தந்த பிறகு தரையில் கட்டை துண்டு போட. இனி பொம்மை என்று சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

செல்வம்: "பேரு இன்னா வைக்கலாம் அண்ணி?"

யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

லேசான தூறல் விடியற்காலையில், பிறகு நின்றது. எதிர்வீட்டு வேப்பமரம். டீச்சர் வீட்டு மரத்தைவிட உயரம். ஈரம் காயும் வரை காத்திருந்து ஏறினேன். மேலே போனதும் காற்று வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் பொழிச்சலூர்ப் பக்கம் இறங்குகிற விமானம் கூடத் தெரிந்தது.

நடுவில் ஒரு கிளையில் கால் வைத்தபோது கொஞ்சம் வழுக்கியது. பெல்ட் பிடித்துக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். பழைய மிஷினாக இருந்தால் அந்த உறுமலில் எதுவும் கேட்டிருக்காது. இப்போது கீழேயிருந்து இவர் குரல், நிதானமாக:

"ரெஜி. பயமா கீதா? எறங்கிடு, பரவால்ல."

"பயமா இல்ல. நீங்கதான் கீழ இருக்கீங்களே."

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். செல்வம் சிரிப்பை அடக்கக் கிழவனைக் கிளப்பினான். இவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. மேலேயிருந்து எல்லாம் தெரியும் என்பதை மறந்துவிட்டார்.

"விடுங்க" என்றேன். "விட்டேன்" என்றார். கிளை பூ மாதிரி இறங்கியது.

உடம்பு முழுக்க வலி. நல்ல வலி.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை வரும் போலிருக்கிறது. துணி உள்ளே எடுத்தாயிற்று.

காலைப் பூசை. நான் மரம் ஏறின வாரத்தில் இவரும் சுவர் ஏறியிருக்கிறார். விரல் காலண்டரைத் தாண்டி ஸ்விட்ச் போர்டு வரை போகிறது. கோயிலில் ஃபாதர் ஆசீர்வாதம் கொடுக்கும்போது நான் கண்ணை மூடாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாவம்தான். வலது கை மெல்ல எழுந்தது. மோவாயைத் தாண்டியது. உதட்டைத் தாண்டியது. மூக்கில் வந்து நின்றது.

என்னைப் பார்த்து, "மீதி அடுத்த மாசம்" என்றார், கோயில் என்றும் பார்க்காமல்.

நாளை கோவிலம்பாக்கம், தென்னையும் ஒரு பாதாமும். இரண்டு பேட்டரியும் இப்போதே சார்ஜில் போட வேண்டும், மழைக்குக் கரண்ட் போய்விட்டால்... போயே விட்டது. மீதி நாளைக்கு.